வெட்டிய கையெழுத்து

ஜெர்மனியின் எசன் நகரில் இருந்த எங்கள் வீட்டில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நான் அழகாக வைப்பேன். ஜெர்மன் கடிதங்களை வாசித்து, அன்ட்ராக் என்னும் விண்ணப்பப் படிவங்களை நிரப்பி, அடியில் அவர் பெயரையும் எழுதிவிடுவது பதினொரு வயதில் என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் நிறைய.

அப்பா போத்தல் தொழிற்சாலையில் கண்ணாடி உருக்கும் உலையடியில் வேலை செய்தார். ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு புகுந்து, எங்களுக்கு வந்த ரஷ்ய எரிவாயுவும் நின்றுபோன வருடம் அது. எரிவாயு இல்லாமல் உலை அணைந்தால் வேலையும் போய்விடும். எரிவாயுவை மிச்சம்பிடிக்க வீட்டில் குளிர் ஜாக்கெட்டோடுதான் சாப்பிட்டோம்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் இருந்த அப்பாவின் வேலைக் கூட்டாளி, ஒரு ஜெர்மன்காரர், ஒரு தாளோடு வந்தார். உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்காதீர்கள், ரஷ்யாவோடு பேசி எரிவாயுவை வாங்குங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதிய கடிதம். தொழிற்சாலையில் மற்ற எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். நான் தமிழில் சொல்லக் கேட்ட அப்பா, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். தாளை விட்டுவிட்டுக் கூட்டாளி போனார்.

யோசிக்க என்ன இருக்கிறது? உலை அணைந்துவிடும் என்று எனக்குப் பயம். மறுநாள் அப்பாவின் பெயரை எழுதி, தாளைக் கூட்டாளி வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அதை அப்பாவிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அப்பா அடிக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

"என்ரை பெயரை வெட்ட வேணுமெண்டு சொல்லு."

சொன்னேன். ஏன் என்று கேட்டார் கூட்டாளி.

"அடிக்கிறவன் தாற நெருப்பிலை குளிர்காய எனக்கு ஏலாது எண்டு சொல்லு."

அதையும் சொன்னேன். உன் பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுப்பாய் என்று அவர் கேட்டதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. அப்பா பேனையை வாங்கித் தன் பெயரைத் தானே கோடு போட்டு வெட்டினார். அதன்பிறகு தொழிற்சாலையில் அவரோடு சேர்ந்து சாப்பிட யாரும் வரவில்லை.

பங்குனியில் உலையை அணைத்தார்கள். கையெழுத்து வைத்தவர்களுக்கும் வைக்காதவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. அப்பாவால்தான் எல்லாம் என்று நான் அவரை வெகுகாலம் மன்னிக்கவில்லை.

பெயரை வெட்டிய அன்று திரும்பும் வழியில், "ஒரு கடுதாசிதானே அப்பா" என்று அழுதேன்.

"ஊரிலை ஆமிக் காம்பிலை பயத்திலை ஒரு கடுதாசிக்குக் கையெழுத்து வச்சனான். சிங்களத்திலை இருந்தது, வாசிக்கவும் தெரியாது. திரும்பிப்போய் வெட்ட விடேல்லை. இஞ்சை விடுறாங்கள்."

ஜெர்மனியைப் புகழ்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கடுதாசியில் யாருக்கு எதிராக எழுதியிருந்தது, அந்த ஆள் வீடு திரும்பினாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.