குரங்கு நமக்குப் பங்காளி

அறிவிப்புப் பலகையில் ‘ஜெபகூட்டம்’ என்று எழுதியிருக்கிறது. டீச்சர் கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, நடுவில் ஒரு ‘க்’ போட்டுவிட்டுத்தான் ஆலயத்துக்குள் நுழைகிறார். தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவருக்கு வராது. பிரசங்கத்தில் ஏதாவது இடறினால் முன்பெஞ்சிலிருந்து ஓர் இருமல் கிளம்பும். பிரசங்கிப்பவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி.

கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிப்பார். கேட்டால், “பேசுறப்போ முகத்தைப் பாத்துத்தானே பேசணும்” என்பார்.

வாரநாட்களில் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல். ஞாயிறுதோறும் ஆலயத்தின் பின்னறையில் சிறுவர்களுக்கு வேதவகுப்பு. இரண்டையும் ஒரே வாயால் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஒருநாள் நத்தையின் உருவம் பதிந்த கல் ஒன்றை வேதவகுப்பில் கைக்குக் கை கொடுத்து, “இது மனுஷனே பொறக்காத காலத்துது” என்றார். ஒரு பெண்குழந்தை அதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னாள். அவளுடைய அப்பா மருந்துக்கடைக்காரர். சபையின் மூப்பரும் கூட. கமிட்டி கூடிவிட்டது. நானும் ஒரு நாற்காலியில் இருந்தேன்.

“சகோதரி” என்று ஆரம்பித்தார் போதகர். வீட்டில் அக்கா, வம்பு வந்தால் மட்டும் சகோதரி.

மருந்துக்கடைக்காரர் குறுக்கிட்டார். “மனுஷன் குரங்குலேர்ந்து வந்தான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்லைங்க. குரங்கு நமக்கு அப்பன் இல்ல, பங்காளி. ரெண்டு பேருக்கும் ஒரே முப்பாட்டன்.”

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் முகம் சிவந்தது. “கடவுள் தன் சாயல்ல படைச்ச மனுஷனை இப்படிக் கேவலப்படுத்தலாமா?”

“மண்ணுலேர்ந்து படைச்சார்னா ஒத்துக்கிறீங்க. மண்ணைவிடக் குரங்கு கேவலமா? சூரியனையே நாலாவது நாள்தான் படைச்சார்னு எழுதியிருக்கு. அப்போ முதல் மூணு நாளையும் எதை வச்சு எண்ணினாங்க? வேதம் பொய் சொல்லலைங்க. நாமதான் அதை ரயில் டைம்டேபிள் மாதிரி வாசிக்கிறோம்.”

போதகர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். குரலில் கோபமில்லை. “அக்கா, இதை உவமைன்னு சொன்னா, நாளைக்கு உயிர்த்தெழுதலையும் உவமைம்பாங்க. எங்கே கோடு போடுவே?”

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“அந்தப் பயம் எனக்கும் உண்டு, தம்பி. கல்லறை காலியா இருந்துச்சுன்னு நான் மனசார நம்புறேன். அதுக்காக, கையில இருக்கிற கல்லை இல்லைன்னு சொல்லமாட்டேன். இந்தப் பிள்ளைங்க நாளைக்குக் காலேஜுக்குப் போய் ஒரு எலும்பைப் பாத்ததும், நாம பொய் சொன்னோம்னு கர்த்தரையே விட்டுட்டு வந்து நின்னா, அந்தப் பாவம் யார் தலையில?”

மன்னிப்புக் கேட்டால் வகுப்பு தொடரலாம் என்றது கமிட்டி.

“வகுப்பை எடுத்துக்கோங்க. அது நீங்க குடுத்தது. விசுவாசம் நீங்க குடுத்ததில்ல.” நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு, சிறுவர் வகுப்பை இனி வேறொருவர் நடத்துவார் என்று போதகர் அறிவித்தார். டீச்சர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். மருந்துக்கடைக்காரர் வழிவிடுவதற்காகக் காலைக்கூட மடக்கிக்கொண்டார்.

திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. டீச்சர் முதல் ஆளாகப் போய்த் தம்பியின் முன் மண்டியிட்டு, உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினார். போதகர் அப்பத்தை எடுத்தவர், மூப்பர்கள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கை பாதியில் நின்றது. டீச்சர் நகரவில்லை. தம்பி அப்பத்தை வைக்கும்வரை, நீட்டிய கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தியே பிடித்திருந்தார்.