பெட்ரோல் குடித்த ஜாடி

மோட்டார் சைக்கிளின் டேங்க் மேல் உட்கார்ந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போகப் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. அதுவரை சித்தப்பாவின் வண்டியில் நான் போன அதிகபட்சப் பயணம் விருத்தாசலம் கடைத்தெருவோடு முடிந்துவிடும்.

அத்தையை மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. சாமி கும்பிட வந்த இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதுபோல ஒரு நாடகம். வெள்ளிக்கிழமை என்பதால் பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும். மாப்பிள்ளைக்குச் சூரத்தில் வேலை, அன்று மாலையே ரயில். அப்பாவும் அம்மாவும் ஏழு மணி பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். பஸ் நெரிசலில் புதுப் பட்டுப்புடவை கசங்கிவிடும் என்று அத்தையை மட்டும் சித்தப்பா வண்டியில் அழைத்து வர வேண்டும். துணைக்கு நான்.

வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். டேங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப் மூடினாலும் ஒழுகும், திறந்தாலும் ஒழுகும். சித்தப்பா எங்கே போய் நின்றாலும் பெட்ரோல் வாசம் அவருக்கு முன்னால் போய் நிற்கும். புது டேப்பை வாங்கி ஒரு மாதமாக அலமாரியில் வைத்திருந்தவருக்கு அன்று காலை எட்டு மணிக்குத்தான் ஞானம் பிறந்தது.

“பட்டுப்பொடவையில பெட்ரோல் நாத்தத்தோட போய் நின்னா மாப்ள வூட்டுக்காரங்க என்னா நெனப்பாங்க? பத்து நிமிஷ வேல.”

சித்தப்பாவின் பத்து நிமிஷத்தை எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்பினேன்.

டேப்பைக் கழற்றுவதற்கு முன் டேங்க்கில் இருக்கும் ஒரு லிட்டரையும் வடித்தாக வேண்டும். “ஏ குட்டி, எதுனா ஏனம் எடுத்துகிட்டு ஓடியா!” என்றார். நான் கொல்லைக்குப் பறந்தேன். அத்தை வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட ஜாடிகள் அங்கே குவிந்து கிடக்கும். கோணலானது, விளிம்பு உடைந்தது, பாதி வேலையில் நின்றது என்று எல்லாம் உண்டு. புழுதி படிந்து எல்லாமே ஒரே நிறத்தில் இருக்கும்.

“இரு, நான் எடுத்துத் தரேன்” என்று பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை பின்னாலேயே வந்தாள். ஒரு ஜாடியை எடுத்து, உள்பக்கத்தை விரலால் துடைத்து, அங்கே நாக்கின் நுனியை வைத்தாள். கீழே வைத்துவிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் அப்படியே வைத்துவிட்டாள். மூன்றாவது ஜாடியில் நாக்கு ஒரு கணம் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் என் கையில் கொடுத்தாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஜாடியை நக்குகிறாளே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் திருவிழாதான். சித்தப்பா ட்யூபைப் பிடுங்க, பெட்ரோல் ஜாடிக்குள் சர்ரென்று இறங்கியது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பெரிய உத்தியோகம் எனக்கு. துருப்பிடித்த நட்டு அசைய மறுத்தது. அது அசைந்தபோது வாஷர் உருண்டோடியது. நான் வேலியோரம் தவழ்ந்து தேடி அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாவாடை முழுக்க கிரீஸ். ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் புது டேப் உட்கார்ந்ததும் நானும் சித்தப்பாவும் கைதட்டிக் குதித்தோம்.

பெட்ரோலைத் திரும்ப ஊற்ற ஜாடியைத் தூக்கினார் சித்தப்பா. ஜாடியின் வெளிப்பக்கமெல்லாம் வியர்த்திருந்தது. அடியில் மண் ஈரம். உள்ளே அரை டம்ளர்கூடத் தேறவில்லை.

“சித்தப்பா, ஜாடி பெட்ரோல் குடிச்சிடிச்சு!” என்று கத்தினேன். அப்படி ஓர் அதிசயத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இது அதிசயம் இல்லை, ஆபத்து என்று புரிந்தது.

கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடினார். அங்கே கரண்ட் இல்லை. வெறுங்கேனோடு திரும்பி வந்து, “பஸ்ஸுலயாச்சும் போயிடலாமா?” என்று கெஞ்சினார்.

“பொடவ கசங்கிடும்ண்ணே. இன்னொரு பங்க்குல பாத்துட்டு வாங்க” என்றாள் அத்தை, விசிறிக்கொண்டே. அவர் அடுத்த பங்க்கிலிருந்து திரும்பும்போது மணி பத்தரை. டேங்க் மேல் ஏறி உட்கார்ந்திருந்த நான் இறங்கமாட்டேன் என்று அழுதேன்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோயில் வாசலில் காத்திருந்து காத்திருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அம்மாவின் கோபம் முழுக்க என் மேல் இறங்கியது.

“அத்தன ஜாடி இருக்குது, ஒழுவுற ஜாடியா பாத்து எடுத்தாந்து குடுத்துருக்குதே இந்தக் கழுத!”

“புள்ளயத் திட்டாதீங்க அண்ணி. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“நீ ஒருத்தி, எப்பப் பாத்தாலும் அவளுக்கு வக்காலத்து!”

யாருமே அத்தையை நம்பவில்லை. அவள் சொல்வது உண்மை என்று தெரிந்த நானே, அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டேன். என்னால் அத்தைக்கு நல்ல மாப்பிள்ளை போய்விட்டானே என்ற உறுத்தல் வருஷக்கணக்கில் இருந்தது. அடுத்த தை மாதம், அதே கம்பெனியில் அச்சு வார்க்கிற மாமாவை அத்தை கட்டிக்கொண்டு உள்ளூரிலேயே தங்கிவிட்ட பிறகும் அது போகவில்லை.

போன மாதம் அத்தையைப் பார்க்கக் கம்பெனிக்குப் போயிருந்தேன். புழுதி படிந்த ஜாடிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள், ஒவ்வொன்றையும் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“மேல்பூச்சு பூசாத ஜாடின்னா நாக்குல ஒட்டும். அதுல எத ஊத்துனாலும் நிக்காது, கசிஞ்சி போயிடும். பூசுனது ஒட்டாது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாடியை எடுத்தாள்.

அன்று கொல்லையில் அவள் கீழே வைத்துவிட்ட முதல் இரண்டு ஜாடிகளும் அவள் நாக்கில் ஒட்டவில்லை.