தாசப்பன் சேட்டனின் வாசலில் நாங்கள் நிற்கவில்லை

பாதி இறக்கிய லாரியை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை காலை வந்தவர், தலையில் இருந்த சும்மாட்டைக்கூட எடுக்காமல் படியில் உட்கார்ந்தார். "சேட்டன் போயிட்டாரு" என்றார். எந்தச் சேட்டன் என்று அம்மா கேட்கவில்லை. கொச்சங்காடிச் சுமைத் தொழிலாளர் வீடுகளில் பெயர் சொல்லாமல் சேட்டன் என்றால், அது தாசப்பன் சேட்டன்தான்.

அவரோடு மூட்டை சுமந்த நீங்கள்தான் இந்த நினைவு மலரை வாசிக்கப் போகிறீர்கள். எனக்கு மலையாளம்தான் நன்றாக எழுத வரும். அப்பா வாசிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் சங்கச் செயலாளர். மிளகுக் கிடங்கு முதலாளி ஒருவர், தமிழர்கள் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் சோற்றுத் தூக்கோடு போனபோது எல்லோரும் கிடங்கு வாசலில் நின்றார்கள். அப்பாவின் கூட்டாளி முத்தையா மாமா, யாரிடமோ எழுதி வாங்கிய மனுவைச் சேட்டனிடம் நீட்டினார். சேட்டன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து மாமாவின் சும்மாட்டுக்குள்ளேயே செருகிவிட்டார்.

"கடலாசு தலைக்கு மெத்தை வைக்கத்தான் ஆகும், முத்தையா. நீ வாசல்ல நில்லு. நிக்கறவன் மூஞ்சியைப் பார்க்காம எவனும் உள்ளே போக முடியாது."

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டுப் பேசினார். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

பிறகு சேட்டன் தேர்தலில் ஜெயித்தார், தொழில்துறையோ நிதியோ அல்ல, தொழிலாளர் துறைக்கே மந்திரியானார். கொடி வைத்த கார் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் நின்றது. அவர் இறங்கி நடந்து வந்தார்.

"சேட்டா, இனி உங்க மூட்டையை யாரு சுமக்கிறது?" என்று முத்தையா மாமா சீண்டினார்.

"நான்தான்டா. இப்போ ஃபைல் சுமக்கறேன். மிளகை விடக் கனம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தோம். அன்று அப்பா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தொழிலாளர் அட்டை. அட்டை உள்ளவருக்குத்தான் கிடங்குகளில் சுமக்க உரிமை உண்டு. அப்பாவையும் சேர்த்துப் பதினான்கு தமிழர்களுக்கு அது இல்லை. அட்டைக்காரர்கள் விட்டுவைக்கும் வேலைதான் அவர்களுக்கு. சேட்டன் என்னைப் பார்த்து, "மோளே, நீ நல்லா எழுதுவியாமே. ஒரு மனு எழுதிக் கொடு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பழைய சும்மாடு எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஐந்து வருடத்தில் நான்கு மனுக்கள் எழுதினேன். நான்கிற்கும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஒருமுறை சங்க ஆபீஸில் முத்தையா மாமா, "மந்திரி ஆபீஸ் வாசல்ல போய் உட்காருவோம்" என்றார். அப்பாதான் எழுந்து தடுத்தார். "நம்ம ஆளு மந்திரியா இருக்கும்போது நாமளே கொடி புடிச்சா, அவருக்குல்லா அசிங்கம்?" மாமா உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்பா சொன்னது சரியென்றே பட்டது.

பதவி போய், உடம்பும் கெட்டு, அவர் இடக்கொச்சி வீட்டில் கிடந்தபோது அப்பாவோடு பார்க்கப் போனேன். சாயா வந்தது. அவர் குடிக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க ஏன் என் வாசல்ல வந்து நிக்கல?"

"உங்க மேல உள்ள மரியாதைதான், சேட்டா" என்றார் அப்பா.

"கிடங்கு முதலாளிமார் தினம் வந்து நின்னாங்க. அவங்க காரியம் நடந்துது. என் ஆளுங்க மட்டும் கடலாசு அனுப்பினீங்க." மூச்சு வாங்கியது. "உங்க மேல குத்தம் சொல்லல, கேட்டோ. நீங்க வராதது எனக்கும் சௌகரியமா இருந்துது. அதான் நெஜம்."

அப்பா அவருடைய சாயாக் கிளாஸை எடுத்து, சிந்தாமல், ஜன்னல் ஓரமாக வைத்தார்.

அதே வீட்டில் நடந்த இறுதிச் சடங்கில் போலீஸ் மரியாதை இருந்தது. கயிறு கட்டி எங்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். பெரிய கார்கள் உள்ளே போய்வந்தன. பதினான்கு பேரும் அன்று வேலைக்குப் போகாமல் வெயிலில் நின்றார்கள். அவர் வாசலில் அவர்கள் சேர்ந்து நின்றது அன்றுதான்.

அந்த மிளகுக் கிடங்கை விற்றுவிட்டார்கள், அங்கே ஹோட்டல் வரப்போகிறது. அட்டைக்காரர்களை வேறு கிடங்குகளுக்கு மாற்றுகிறார்கள். மாற்றுவோர் பட்டியலில் அப்பாவின் பெயர் இல்லை. அட்டை இல்லாதவர் பெயர் எந்தப் பட்டியலில்தான் இருக்கும்?

சேட்டனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, இடக்கொச்சியில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி. அவர் படத்துக்கு மாலை போடும்போதும் அதுதான் காதில் கேட்டது. அதை நேற்று அப்பாவிடம் நினைவுபடுத்தினேன்.

"இப்போ இருக்கிற மந்திரியை நமக்குத் தெரியாதேம்மா" என்றார். "அவருக்கும் ஒரு மனு எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன்.