சுசுக், மூன்று முறை

“திங்கள், காலை 6.40. நீர் வடியத் தொடங்கிய நேரம். செங்கல் சூளை வளைவு. சுசுக், மூன்று முறை.”

என் பழைய குறிப்பேடுகளில் இப்படிப் பக்கம் பக்கமாக வரிகள் இருக்கின்றன. ஹூக்ளி ஆற்றில் ஆழம் அளக்கும் படகில் எழுத்தராக இருந்த ஆண்டுகளில் எழுதியவை. சுசுக் என்பது கங்கை டால்பின். அது மேலே வந்து மூச்சு விடும் ஓசையையே வங்காளிகள் அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு நொடி முதுகு தெரியும், அவ்வளவுதான். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது என்று வைத்திருந்தேன். ஆகவே எத்தனை சுசுக் என்று எழுதாமல், எத்தனை முறை மேலே வந்தது என்றே எழுதினேன். அந்தக் கறாரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

படகை ஓட்டியவரை எல்லோரும் பதவிப் பெயரால் சாரங் என்றுதான் அழைத்தோம். சுக்கானைப் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது வெட்டுமூக்கி பாபு. வலையில மாட்டி மூக்கு நுனி போயிடுச்சு. பின்னால வர்றது அவ குட்டி” என்பார் வங்காள மொழியில். மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

“சாரங் சாஹேப், அவங்களுக்கு ரேஷன் கார்டு இருந்தா காட்டச் சொல்லுங்க, பேர் எழுதிக்கிறேன்” என்பேன்.

“உங்க ஆபீஸ்ல எனக்கே பேர் கிடையாது, வெறும் சாரங். அவளுக்கு எங்க எழுதப் போறீங்க?” என்று சிரிப்பார்.

நானும் சிரித்தேன். எழுதவில்லை.

ஓய்வு பெற்று நகரின் டாக்குரியா பகுதியில் குடியேறிய பிறகு, போன ஆண்டு அந்தச் செங்கல் சூளை வளைவுக் கரையிலிருந்து சிலர் என்னைத் தேடி வந்தார்கள். சாயப்பட்டறைக் கழிவுக் கால்வாய் ஒன்று அங்கே ஆற்றில் விழுகிறது. தண்ணீர் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் கறுப்பு. மீன்கள் செத்து மிதக்கின்றன, சுசுக்கைப் பார்த்தே வெகுகாலம் ஆகிறது என்றார்கள். கால்வாயை மூடச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். அந்த வளைவு சுசுக்குகளின் இருப்பிடம் என்று காட்ட அவர்களிடம் என் குறிப்பேடுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

விசாரணையில் அதிகாரி பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். “மூன்று முறை என்றால் மூன்று விலங்குகளா?” என்று கேட்டார்.

“சொல்ல முடியாது. ஒன்றே மூன்று முறை வந்திருக்கலாம்.”

“இந்த நோட்டு முழுவதுமே ஒரே விலங்காக இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

வழி தவறி வந்த ஒற்றை விலங்கை வைத்து இருப்பிடம் என்று கொள்ள முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். கால்வாய் இன்றும் ஓடுகிறது. வெளியே வந்தபோது கரைக்காரர்கள் என்னைக் குறை சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை சாரங்கின் ஊருக்குப் போன் செய்தேன். மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். இருமி முடித்துவிட்டுப் பேசினார்.

“ஒண்ணே ஒண்ணுன்னாலும் அதுக்கு அது வீடுதானே பாபு?” பிறகு, “ஒண்ணு இல்ல, மூணு. வெட்டுமூக்கி, குட்டி, அப்புறம் அந்தப் பக்கம் ஒரு கிழவன். தினமும்தான் சொன்னேனே.”

வந்து இதையே அதிகாரியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். உடம்பு தேறட்டும், வருகிறேன் என்றார். மேல்முறையீட்டுக்கு நாங்கள் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தபோதே, குளிர் தொடங்குமுன், இறந்துபோனார்.

கடைசிக் குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “செங்கல் சூளை வளைவில் மூன்று சுசுக்குகள் வாழ்ந்தன என்று சாரங் சொன்னார். சரிபார்க்கப்படவில்லை.”