பதினோரு மணி ஓட்டம்

மைதானத்தில் கோடு போடுகிறவனுக்குத் தரையில் ஏறும் சூடு முதலில் தெரியும், ஆனால் ஓட்டத்தை எப்போது வைக்கலாம் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. பிள்ளையை ஓட அனுப்பிவிட்டு வேலிக்கு வெளியே காத்து நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழங்காநத்தம் பக்கம் ஒரு பள்ளியில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் தண்ணீர் நிரப்புவதும் என் வேலை.

புகை

போன வருஷம் விளையாட்டு விழாவுக்கு முந்தின சாயங்காலம், மைதானம் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று சருகையும் பிளாஸ்டிக் கப்புகளையும் மூலையில் குவித்துக் கொளுத்தினார்கள். ஜெனிபா அப்போது ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். பேரையூர்ப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. மூவாயிரம் மீட்டரில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனால்தான் அடுத்த வருஷமும் விடுதியில் இடம். அவளுக்கு வீசிங் உண்டு. மூச்சு மருந்துப் பம்பை என் சுண்ணாம்பு வாளிப் பக்கம் வைத்துவிட்டுத்தான் ஓடுவாள். சுற்றுக்கு ஒரு தடவை புகைக்குள் போய் இருமிக்கொண்டே வந்தாள்.

தீயை அணைக்கட்டுமா என்று பி.டி. சாரிடம் கேட்டேன். "வாரவுங்க கண்ணுல குப்பை பட்டா எனக்குல்லண்ணே திட்டு. புகை காத்துல போயிரும்."

கொடி

ஆறரைக்கு ஓட்டம் என்று போட்டிருந்தது. கொடியசைக்க வேண்டிய விருந்தினர் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஓடுவதற்கு முன்னால் தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்பது சாருடைய சட்டம். நான் டம்ளரை நீட்டினேன். ஜெனிபா தண்ணீரைப் பார்க்கவில்லை, சாரைப் பார்த்தாள். "வேணாம் தாத்தா, பேரை எடுத்துருவாரு" என்றாள்.

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. ஆனாலும் சாரிடம் போய், ஓட்டத்தை நாளைக் காலையில் வைக்கலாமே என்றேன். "நாளைக்குக் கொடியசைக்க யாருண்ணே வருவா?"

ஐஸ்

எங்கள் மைதானத்தில் மூவாயிரம் மீட்டர் என்றால் பதினைந்து சுற்று. எண்ணுவது என் பழக்கம். பன்னிரண்டாவது சுற்றில் ஜெனிபா கோட்டை விட்டு விலகினாள், பிறகு விழுந்தாள். தொட்டுப் பார்த்தேன். தோல் கொதித்தது, வேர்வை இல்லை. மைதானத்தில் நிழல் மேடைப் பந்தலில் மட்டும்தான். அங்கே தூக்கிப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். "அது விருந்தாளிக ஜூஸுக்குண்ணே, சாரைக் கேட்டு எடுங்க" என்றான் ஜூஸ் போடுகிறவன். கேட்கவில்லை. பெட்டியோடு அவள் மேல் கவிழ்த்தேன்.

பிழைத்துவிட்டாள். ஓட உடம்பு ஏற்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஓடாத பிள்ளைக்கு விடுதியில் இடமில்லை என்றார்கள். அவளுடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அவள் அம்மாவிடம், வாளிப் பக்கம் கிடந்த பம்பைக் கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "நல்லா ஓடுறான்னு கேட்டு வாங்கினாக, ஓடலைன்னதும் அனுப்பிட்டாக. அம்புட்டுத்தான்ணே, வாரோம்."

இந்த வருஷம் பந்தலைப் பெரிதாகப் போட்டு ஐஸ் பெட்டியும் இரண்டாக வைத்திருக்கிறார்கள், இரண்டும் மேடைக்கு. பிள்ளைகளுக்கென்று புதுச் சுண்ணாம்பில் கோடு போட்டு முடித்துவிட்டேன்.