மாவுக்கட்டில் எழுதிய பெயர்கள்

கடைத்தெருவில் அவளை எல்லாரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பூட்டுக்கடைக்காரரும் அக்கா என்பார். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரேடியோ, மாற்று பேட்டரி இரண்டு, விளம்பரப் படிவங்கள், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிற சின்ன வானொலி நிலையத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. நிலையத்தின் ஒலி ரயில்வே கேட் வரைக்கும்தான் எட்டும். கேட்டைத் தாண்டினால் கரகரப்பு. அதற்கும் அப்பால் வேறு யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள்.

"விளம்பரம் குடுக்கறீங்களா?" என்று அவள் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. "உங்க கடையில எது நகர மாட்டேங்குது?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்காகவே பல வருஷம் காத்திருந்தவர்கள் மாதிரி கடைக்காரர்கள் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். "முப்பது செகண்டுல என்னத்தச் சொல்றது?" என்று முனகுபவர்களிடம், "கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். நாள் முழுக்கப் பேசியே பிழைப்பவர்களுக்கு அது பெரிய தண்டனை. பதினைந்து விநாடியில் நெளிய ஆரம்பிப்பார்கள். "இன்னும் பாதி இருக்கு" என்பாள்.

அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. படிவத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே ஒரு மாதிரி விளம்பரத்தைத் தன் குரலில் பதிவு செய்து கொண்டுபோய்க் கடைக்காரருக்குப் போட்டுக் காட்டுவாள். எந்த நம்பரைச் சொல்வது, கடை நம்பரா தம்பி நம்பரா என்பதைக் கடைக்காரர்கள் கடைசி நிமிஷத்தில்தான் முடிவு செய்வார்கள். அதனால் மாதிரியில் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லி வைப்பாள். அவள் வாய்க்கு வருவது எப்போதும் புருஷனின் நம்பர்தான். கல்யாணமான நாளிலிருந்து மாறாத நம்பர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கடைக்காரர் சம்மதித்த பிறகு, சரியான நம்பரோடு புதிதாகப் பதிவு செய்வாள்.

புருஷன் பஸ் டிரைவர். இருபது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் படாதவர், பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. படுக்கையில் கிடக்கிற டிரைவரைப் போல எரிச்சல் பிடித்த மனிதர் உலகத்தில் கிடையாது. அவர் ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பிறகு அவள் வேலையைப் பார்த்தார்.

"உன் ரேடியோவ யாரு கேக்கறா? நீ, நான், அந்தப் பல் டாக்டர். டாக்டருக்கும் மெஷின் சத்தத்துல பாதி கேக்காது."

"நீங்க கேக்கறீங்கல்ல? போதும்."

"எனக்கு வேற கதி? எழுந்திரிச்சு ஆஃப் பண்ண முடியலையே."

அந்த மாதம்தான் அவளுக்கு மெத்தைக்கடை சிக்கியிருந்தது. அதுவும் ஒரு வருஷத்துக்கு! நிலையத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு படிவத்தை மேனேஜர் பார்த்ததே இல்லை. அதை வைத்துத்தான் அவள் மதியம் ஒரு மணி நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கினாள். கல்லாவை விட்டு நகர முடியாமல் அங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற கடைக்காரர்களுக்காக ஒரு மணி நேரம், பாட்டும் பேச்சுமாக. பேசுவது அவளேதான். ஐந்து வருஷம் மற்றவர்களுக்காக முப்பது முப்பது விநாடியாகப் பேசியவளுக்கு முதல்முறையாகச் சொந்தமாக ஒரு மணி நேரம். மேனேஜர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: "மெத்தைக்கடை இருக்கிற வரைக்கும் நடத்துங்க. அது போச்சுன்னா மறுபடி மெஷினே பாடட்டும்."

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, மெத்தைக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சாந்தமான மனிதர். அன்றும் கோபப்படாமல்தான் பேசினார்.

"அக்கா, மூணு வாரம் ஆச்சு. விளம்பரத்தக் கேட்டு ஒரு போன் வரல."

"ஒண்ணு கூடவா, சார்?"

"ஒண்ணு வந்துச்சு. என் மச்சான். அவனும் வேன் இரவல் கேட்டான். சனிக்கிழமையோட நிறுத்திக்குவோம், தப்பா எடுத்துக்காதீங்க."

கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தன் விளம்பரத்தை இந்த மனிதர் ஒரு தடவையாவது கேட்டிருப்பாரா என்று தோன்றியது. கேட்டிருக்க மாட்டார். யாருமே கேட்கவில்லை போலிருக்கிறது. வீட்டிலிருப்பவர் சொன்னதுதான் சரி.

வீட்டுக் கதவைத் திறந்து ஒரு செருப்பைக் கழற்றியபோது உள்ளேயிருந்து புருஷனின் குரல் கேட்டது. வீட்டில் புழங்காத குரல். அவ்வளவு பவ்யம்.

"சொல்லுங்கம்மா... வலி இடுப்புலயா, கழுத்துலயா? காலையில ஜாஸ்தியா, சாயங்காலமா? இடுப்புன்னா பஞ்சு மாதிரி மெத்தை வேணாம்மா. இருபது வருஷம் டிரைவர் சீட்டுல உக்காந்தவன் சொல்றேன், கேளுங்க. இப்போதைக்கு வாங்காதீங்க, தரையில விரிச்சுப் படுங்க. ஆங், உங்க பேரு?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேனாவால் தன் மாவுக்கட்டின் மேல் ஏதோ எழுதினார். எழுதி நிமிர்ந்தால் வாசலில் மனைவி, ஒற்றைச் செருப்போடு.

"யாருங்க அது?"

"தையல் கிளாஸ் நடத்துற அம்மா. மெத்தை கேட்டாங்க."

"மெத்தையா? உங்ககிட்ட ஏன் கேக்கறாங்க?"

"நல்லா கேட்ட! நீதானே தினம் நாலு தடவ என் நம்பரச் சொல்லி, உடனே கூப்பிடுங்கன்னு கொஞ்சிக் கொஞ்சிச் சொல்ற?"

அவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மாதிரி! மெத்தைக்கடைக்குச் சரியான பதிவைப் போடாமல் மாதிரியையே ஒலிபரப்பக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரமாக அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காதில் உறுத்தவே இல்லை. எப்படி உறுத்தும்? அவள் வாழ்க்கையிலேயே மிகச் சரியான நம்பர் அது.

"ஏங்க, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் போர்வை நுனியைச் சுருட்டினார். "சும்மா படுத்துக் கெடக்கானேன்னு நீயா பாத்து வேல குடுத்திருக்கேன்னு நெனச்சேன். கேட்டா, அப்புறம் தேங்க்ஸ் சொல்லணும். அதான் விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவள் வீட்டில் இருக்கும்போதெல்லாம் போர்வைக்குள்ளேயே கிடந்த மாவுக்கட்டைக் குனிந்து பார்த்தாள். தொடையிலிருந்து கை எட்டிய வரைக்கும் நீல மசியில் பொடிப்பொடியாகப் பெயர்கள். மாவு மில்காரர், கழுத்து. ரெண்டாவது தெரு மருமகள், மாமியாருக்கு. புதுசா கல்யாணம், பெரிய சைஸ். எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொன்று.

"பக்கத்துல பேப்பர் இல்லையா?"

"எழுந்து எடுக்கணுமே. நம்பரெல்லாம் போன்ல இருக்கு. ஆளு யாருன்னு கால்ல இருக்கு."

மறுநாள் காலை வாடகைக் காரின் பின் சீட்டில் அந்தக் காலை நீட்டி வைத்து மெத்தைக்கடைக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் அவர், "பிரேக்கை இப்படி மிதிக்கக் கூடாது தம்பி" என்று கார் டிரைவரை ஓட்டவிடவில்லை. கடையில் உட்கார வைக்க வழியில்லாமல், வாசலருகே இருந்த மெத்தையிலேயே படுக்க வைத்தார்கள்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மாதிரி, நம்பர், மறதி, எல்லாம் சொன்னாள். "தப்பு என்னோடது, சார். நிறுத்தறதுன்னா நிறுத்திக்கலாம். ஆனா யாரும் கேக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. நாப்பத்தொரு பேர் கேட்டிருக்காங்க. இதோ."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டுக் காலைப் படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"இதென்ன, பேருக்குப் பக்கத்துல எல்லாம் 'வேணாம்'னு போட்டிருக்கு?"

"இடுப்பு வலிக்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

"என் மெத்தையையா? பாக்காமலே?"

"பாக்காம எப்படி வாங்கச் சொல்றது?"

கடைக்காரர் டிரைவரின் போனை வாங்கி, தையல் அம்மாவைக் கூப்பிட்டார். "அம்மா, மெத்தைக்கடை முதலாளி பேசறேன்." அந்த அம்மா பட்டென்று கேட்டார்: "நீங்க வேணாங்க. அந்த இடுப்பு வலி சார் இல்லையா?"

போன் கை மாறியது. டிரைவர் படுத்தபடியே சொன்னார்: "கடையிலதாம்மா இருக்கேன். இப்ப நான் படுத்திருக்கிறது வேணாம், குழி விழுது." கடைக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஓரத்துல ஒண்ணு இருக்கு. இருங்க, படுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்று பேர் தாங்கி அவரை ஓரத்து மெத்தைக்கு மாற்றினார்கள். புரண்டார். கண்ணை மூடினார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது நல்லா இருக்கும்மா. நேர்ல வந்து பாருங்க."

அந்த அம்மா மதியத்துக்குள் வருவதாகச் சொன்னார். கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, வருஷம் முழுக்க ஓடட்டும். நம்பர் மட்டும் என் நம்பரா இருக்கட்டும்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு மணி நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.

"கட்டு எப்ப பிரிக்கறாங்க?" என்றார் கடைக்காரர் திடீரென்று.

"திங்கக்கிழமை."

"ஐயையோ!" அவர் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டார். "கொஞ்சம் திரும்புங்க டிரைவர் சார்... இன்னும் கொஞ்சம்... முட்டிக்கு உள்பக்கம் என்னமோ எழுதி அடிச்சிருக்கே? 'மெத்தை வேணாமாம், குரல்'. இது யாரு?"

டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எவனோ. விளம்பரத்துல பேசறது யாரு, குரல் ரொம்ப நல்லா இருக்கேன்னு கேட்டான்."

"அப்படியா? நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

"ராங் நம்பர்னு சொல்லி வச்சிட்டேன்."