திருச்சி – காரைக்குடி: கார் இரைச்சலை அடைக்கப் போய் மகளை இழக்கப் பார்த்தேன்

காரைக்குடி அருகே கொத்தமங்கலத்தில் என் நண்பர் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கியிருந்தார். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை திறப்பு விழா, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடச் சொன்னார். அப்படியே பிள்ளையார்பட்டியும் பார்க்கலாம் என்று நான், மனைவி செல்வி, ஏழு வயது மகள் யாழினி மூவரும் கிளம்பினோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர்.

எங்களுடையது பன்னிரண்டு வருடப் பழைய பெட்ரோல் கார். இரண்டு மாதமாக அடியில் ஒரே இரைச்சல். புதிதாக வாங்க வசதியில்லை. இணையத்தில் வீடியோக்கள் பார்த்து நானே இறங்கிவிட்டேன். கதவு இடுக்குகளை அடைக்கும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங், 600 ரூபாய், தரைவிரிப்புக்கு அடியில் ஒட்டும் ஃபோம் ஷீட் 1,800 ரூபாய். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

காலை 9.40-க்குப் புறப்பட்டோம். வெயில் கொளுத்தியதால் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராதபடி ஏ.சி.யை வைத்தேன். சீக்கிரம் குளிரும் என்பதுதான் கணக்கு. புதுக்கோட்டையில் டீ குடித்தபோது யாழினி துள்ளிக்கொண்டுதான் இருந்தாள். திருமயம் தாண்டியதும் பின் சீட்டில் பேச்சு நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்தோம். செல்வி தலை வலிக்கிறது என்றாள். லேசாகப் புகை வாடை வந்தது. முன்னால் போன லாரியின் புகை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

காரைக்குடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது யாழினி வாந்தி எடுத்தாள். செல்வி திரும்பிப் பார்த்து, "ஏங்க, பிள்ளைக்குத் தலை நிக்கல" என்று கத்தினாள். சாலையோரம் ஒரு ஒர்க்ஷாப்பின் புளியமரத்தடியில் நிறுத்தினேன். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து, ஏ.சி.யை அணைக்காமல் தண்ணீரைத் தேடினேன். ஒரு பைக்கைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் எழுந்து ஓடிவந்தார்.

"முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க! பிள்ளைய வெளிய தூக்குங்க!"

"வெயில்ல மயங்கிட்டா…"

"வெயிலு இல்ல சார். உள்ள பூராம் புகை. மூக்குல ஏறலையா? எம்புட்டு நேரமா அடைச்சுக்கிட்டு வாரீக?"

நான் வண்டியை அணைப்பதற்குள் அவரே யாழினியைத் தூக்கி, காற்று வரும் பக்கம் படுக்க வைத்தார். கன்னத்தைத் தட்டியதும் கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னை அடையாளம் தெரியாதவள் மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் பெயர் முருகேசன். தன் ஆட்டோவிலேயே எங்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார். டாக்டர் பெண்மணி, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி நல்ல அளவைக் காட்டியும் அதை நம்பவில்லை. கார் புகையின் விஷ வாயுவாக இருந்தால் அது சரியாகக் காட்டாதாம். ரத்தம் எடுத்துப் பார்த்து அதை உறுதி செய்தார். செல்விக்கும் யாழினிக்கும் நான்கு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். "இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். விழா, சாப்பாடு எல்லாம் அதோடு போயிற்று. நண்பர் விழாவை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு, மகள் இட்லி கேட்டுச் சாப்பிட்ட பிறகுதான் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். முருகேசன் காரைத் தூக்கி வைத்திருந்தார்.

"இங்குட்டு வந்து பாருங்க."

சைலன்சர் குழாய் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் மேலே, பின் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் ஒரு ஓட்டை. ஃபோம் ஒட்டும்போது அங்கிருந்த ரப்பர் மூடி உலர்ந்து கையோடு வந்தது. ஷீட்தான் மூடிக்கொள்ளுமே என்று விட்டுவிட்டேன். சூட்டில் ஷீட் உரிந்து தொங்கியது. ஓட்டையை விட்டவன் நான்தான்.

"சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாக்காம ஏன் சார் மூடுனீக?" என்று கேட்டார்.

குழாய் வெல்டிங், குழாய் இணைப்பில் புகை கசியாமல் வைக்கும் கேஸ்கெட், புது ரப்பர் மூடி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். வண்டியை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மாத இரைச்சல் காணாமல் போயிருந்தது.

பழைய காரில் போகிறவர்களுக்கு: எதை ஒட்டும் முன்பும் வண்டியைத் தூக்கி சைலன்சர், தரை ஓட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் காற்று அதிகமானாலும் இரைச்சல் வரும், அதைச் சரிபார்க்கச் செலவே இல்லை. பீடிங் அதற்குப் பிறகுதான். வெப்பத்துக்கு, நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு வெள்ளி நிற மறைப்பு (250 ரூபாய்), பக்கக் கண்ணாடிகளுக்கு வலைத்திரை (ஜோடி 300 ரூபாய்). ஏறியதும் இரண்டு நிமிடம் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியே விட்டபின் ஏ.சி. போடுங்கள். புகை வாடையோடு தலைவலியும் தூக்கமும் வந்தால் உடனே நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

மறுநாள் பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திருச்சி திரும்பினோம். பின் சீட்டில் யாழினி தூங்கினாள், நல்ல தூக்கம்தான். ஆனாலும் திருமயத்தில் ஓரங்கட்டி அவளை எழுப்பினேன். "என்னப்பா" என்று எரிந்து விழுந்தாள். புதுக்கோட்டையில் மறுபடி எழுப்பினேன். செல்வி என்னைத் தடுக்கவில்லை.